கூனிக்கு ஏது றெக்கை?

தம்பி,

முதலில் என்னை மன்னித்துவிடு. கையில் போன் இருக்கும்போது மகனுக்குக் கடிதம் எழுதுகிற அம்மா இந்தக் காலத்தில் திண்டிவனத்தில் வேறு யாரும் இருக்க மாட்டாள். ஆனால் நான் உன்னோடு பேச ஆரம்பித்தாலே உன் அப்பா மில்லிலிருந்து மாவுக் கையோடு ஓடி வந்து, "ஸ்பீக்கர்ல போடு, ஸ்பீக்கர்ல போடு" என்பார். போட்டால் அதன் பிறகு அவர்தான் பேசுவார். அதோடு எனக்கு, சொல்ல வேண்டியது எப்போதும் பேசி முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான் வாய்க்கு வரும். காகிதம் அந்த அரை மணி நேரம் காத்திருக்கிறது. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். ஆபீஸில் திறக்காதே. ரூமுக்குப் போய்த் தனியாகப் படி.

விஷயம் இதுதான். வருகிற திங்கட்கிழமை உன் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டும். நேற்று கண்டாச்சிபுரத்திலிருந்து திவ்யாவின் அம்மா பேசினார்கள். அவர்கள் பத்திரிகையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உனக்கு ஏதோ வியாதி இருக்கிறது, அதை நாம் மறைக்கிறோம் என்று நினைக்கிறார்கள். அந்த நினைப்பை அவர்கள் மனதில் போட்டது நான். காரணம், உன் பல்லிக்காக நாம் வீட்டில் வளர்க்கும் பூச்சிகள். திங்கட்கிழமைக்குள் நீ ஒன்று செய்யாவிட்டால் இந்தக் கல்யாணம் நின்றுபோகும் என்றுதான் எனக்குப் படுகிறது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நீ கல்லூரியில் கடைசி வருஷம் படித்தபோது, சென்னையிலிருந்து ஒரு பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து இறங்கினாய். தின்பண்டம் என்று நினைத்து உன் அப்பா ஆசையாக வாங்கித் திறந்தார். உள்ளே மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகளோடு ஒன்று உட்கார்ந்திருந்தது. அவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியது.

"இன்னாடா இது?"

"லெப்பர்ட் கெக்கோப்பா. பல்லி வகை."

"நம்ம வூட்டு சுவத்துலயே பத்து பல்லி கீது. துட்டு குடுத்து ஒண்ணு வாங்கியாந்தியா?"

"இது சுவத்துல ஏறாதுப்பா."

"சுவத்துல ஏறாத பல்லி இன்னாத்துக்குடா ஆவும்?"

நீ பதிலுக்கு அரசாங்க இணையதளத்தில் அதைப் பதிவு செய்த காகிதத்தை மட்டும் எடுத்து நீட்டினாய். உன் அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எனக்கு ரேஷன் கார்டுல பேரு திருத்த ஆறு மாசம் அலைய விட்டானுங்க. பல்லிக்கு ஒரே நாள்ல பதிஞ்சுட்டானுங்களா?" என்று கேட்டதோடு அடங்கிவிட்டார். சுவரில் ஏறாதது யார் தலையிலும் விழாது, அதனால் பஞ்சாங்கத்தில் பலன் பார்க்கும் வேலை இல்லை என்று நான்தான் சமாதானம் சொன்னேன். நீ அதற்கு பிஸ்கட் என்று பெயர் வைத்தாய். ஒரு வாரம் கழித்து அவர் அதை "பிஸ்கட்டு" என்று கூப்பிட ஆரம்பித்தார்.

பிஸ்கட் பிஸ்கட் தின்னாது என்பதுதான் பிரச்சினை. உயிரோடு ஓடுகிற சிள்வண்டும், நெளிகிற மாவுப்புழுவும்தான் வேண்டும். அசையாததை அது சாப்பாடாகவே மதிக்காது. முதலில் கூரியரில் வரவழைத்தாய். சித்திரை வெயிலில் பெட்டி வந்து சேர்வதற்குள் பாதி செத்திருக்கும். "நாமளே வளக்கலாம்மா, ஈசி" என்றாய். பெரிய பிளாஸ்டிக் பெட்டி, முட்டை அட்டைகள், முட்டையிட ஈரமான தேங்காய் நார்த்தூள் என்று எல்லாம் வந்தன. அப்புறம் உனக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. "ரெண்டே மாசம்மா. வீடு பாத்துட்டு எடுத்துக்கினு போயிடறேன்" என்றாய். இரண்டு வருஷம் ஆகிறது. இதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. கொஞ்சம் குத்திக்காட்டத்தான் சொல்கிறேன்.

நீ போன பிறகு இந்த வீட்டில் நடந்ததெல்லாம் உனக்கு முழுதாகத் தெரியாது. நீ கேட்டதெல்லாம், "பிஸ்கட் சாப்டுதா?" என்ற ஒன்றைத்தான். அது சாப்பிட வேண்டுமென்றால் பூச்சிகள் சாப்பிட வேண்டும். பூச்சி தின்றது எதுவோ அதுதான் பல்லிக்குப் போய்ச் சேரும் என்பதால், நான் அவைகளுக்கு முருங்கைக்கீரையும் கேரட்டும் கேப்பை மாவும் போட்டு வளர்த்தேன். பல்லிக்குக் கொடுக்கும் முன் சுண்ணாம்புச் சத்து மாவில் புரட்டி எடுக்க வேண்டும். குளிப்பாட்டிய குழந்தைக்குப் பவுடர் பூசுவது போல அதைப் பூசிவிட்டு, அடுத்த நிமிஷம் பலிக்கு அனுப்புவேன். முதல் பத்து நாள் பாவமாக இருந்தது. பதினோராவது நாள், பெட்டியில் எது கொழுத்திருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

உன் அப்பாவுக்கு இன்னொரு கவலை இருந்தது. "மாவு மில்லு வெச்சிக்கினு மாவுப்புழு வளக்கறவன் இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தன்தான். வெளிய தெரிஞ்சா ஒரு படி கேப்பைகூட எவனும் அரைக்கக் கொண்டார மாட்டான்" என்பார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. அதனால் புழு டப்பாக்களை மில் பக்கம் கொண்டுபோகவே கூடாது என்று சட்டம் போட்டோம். மில்லிலிருந்து தவிடு மட்டும் வீட்டுக்குள் வரும். வீட்டிலிருந்து எதுவும் மில்லுக்குப் போகாது. இந்தச் சட்டத்தை நாங்கள் ஒரே ஒரு முறைதான் மீறினோம். அது பின்னால் வருகிறது.

ஒருநாள் அவர் மாவுப்புழு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "எல்லாம் பூட்சுமே! அசையவே இல்ல" என்று குப்பையில் கொட்டப் போனார். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். "சாகலைங்க. அது கூட்டுப்புழு. பத்து நாள்ல வண்டா வரும்" என்றேன். இன்னொரு நாள், தெரிந்தவருடைய வேர்க்கடலைக் காட்டிலிருந்து வேட்டி மடிப்பில் இருபது வெட்டுக்கிளி பிடித்து வந்தார், பிஸ்கட்டுக்கு விருந்து என்று. மருந்தடித்த காட்டுப் பூச்சியைக் கொடுத்தால் பல்லி செத்துப்போகும் என்று சொல்லி, தெருவில் கொண்டுபோய் விடச் சொன்னேன். "உனக்கு மட்டும் எப்படிமே இதெல்லாம் தெரியுது?" என்று கேட்டார். "போன்ல பாத்தேங்க" என்றேன். அவர் நம்பிவிட்டார். போனில் எல்லாம் இருக்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

பூச்சிகளிடம் கற்றதில் ஒன்றை, கல்யாணம் ஆகப் போகிறவன் என்பதால் உனக்குச் சொல்கிறேன். சிள்வண்டுகள் ஒன்றையொன்று கடிப்பது கெட்ட குணத்தால் இல்லை. இடம் நெருக்கடியாக இருந்தாலும் தாகம் எடுத்தாலும்தான் கடிக்கும். ஒரு முட்டை அட்டையைக் கூட வைத்து, ஒரு துண்டு கேரட்டைப் போட்டால் சண்டை நின்றுவிடும். தோலுரித்த அன்றைக்கு மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அன்றைக்கு அது வெள்ளை வெளேரென்று, தொட்டால் அமுங்குகிற மாதிரி இருக்கும். ஒளிந்துகொள்ள ஓர் இடுக்கு கிடைத்தால் மறுநாள் தேறிவிடும். நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் வருஷம், மில் சத்தத்துக்கும் உன் அத்தைகளின் கேள்விகளுக்கும் நடுவில், தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பேன். அந்த இடுக்கு அன்றைக்கு எனக்குப் பெரிய உதவி. திவ்யாவுக்கும் ஓர் இடுக்கு விட்டு வை.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள் என்றதும் நீ போனில் என்ன சொன்னாய்? "கல்யாணம் முடியற வரைக்கும் பூச்சியப் பத்தி வாயே தொறக்காதம்மா. அப்பறமா நானே பக்குவமா சொல்லிக்கறேன்." சரியென்று சொன்னது என் முதல் தப்பு. பிஸ்கட்டின் கண்ணாடித் தொட்டியைப் படுக்கையறையில் வைத்துப் போர்வையால் மூடினோம். மாவுப்புழு டப்பாக்களை ஃபிரிட்ஜில் கீரைக்கட்டுக்குப் பின்னால் தள்ளினோம். ஐந்நூறு சிள்வண்டு இருக்கிற பெட்டியை மட்டும் வைக்க இடமில்லை. அன்றைக்குத்தான் சட்டத்தை மீறி அதை மில்லின் மோட்டார் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினோம். இருட்டில் வைத்தால் ராத்திரி வந்துவிட்டது என்று அவை நினைத்துக்கொள்ளும். இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

திவ்யாவின் அம்மா, அப்பா, தாய்மாமா மூன்று பேரும் வந்து உட்கார்ந்து காபி டம்ளரைக் கையில் எடுத்ததும் மோட்டார் அறையில் கச்சேரி தொடங்கியது. நம் பக்கத்தில் பெண் பார்க்க வந்தால் பெண்ணைத்தான் பாடச் சொல்வார்கள். சிள்வண்டுகளில் ஆண்தான் பாட வேண்டும். அத்தனை ஆண்களும் ஒரே நேரத்தில் பாடின. உன் அப்பா எழுந்து போய் மில்லைப் போட்டுவிட்டார்.

"ஞாயித்துக்கெழமகூட அரவைக்கு ஆளு வராங்களா அண்ணே?" என்று திவ்யாவின் அம்மா கேட்டார்கள்.

"எந்நேரமும் கூட்டந்தாம்மா!" என்று அவர் மில் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

அவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். "ஆளே காணமே. வெறும் மிஷினால்ல ஓடுது? கல்லு தேஞ்சுடாதா?"

அவர் போய் நிறுத்தினார். உடனே சிள்வண்டுகள் விட்ட இடத்திலிருந்து தொடங்கின. மறுபடியும் போட்டார். இப்படி மூன்று தடவை நடந்தது. திவ்யாவின் மாமா, "இன்னா மச்சான், கரண்டு போயிப் போயி வருதா?" என்று கேட்டார். "ஆமா மச்சான், ஒரே பேஜாரு" என்றார் உன் அப்பா. அவர்கள் இரண்டு பேரின் தலைக்கு மேலும் மின்விசிறி நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. மாமா அதை அண்ணாந்து பார்த்தார். மரியாதையுள்ள மனிதர், குனிந்து காபியைக் குடித்தார்.

இதோடு போயிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். நாங்கள் ஒன்றை மறந்துவிட்டோம். காய்ந்த சிள்வண்டு என்று நீ ஒரு முறை இணையத்தில் வாங்கி அனுப்பினாயே, பிஸ்கட் முகர்ந்துகூடப் பார்க்காத அந்த பாட்டில், அது சமையலறை அலமாரியில் புளிக்கும் மிளகாய்க்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது. திவ்யாவின் அம்மா சமையலறையைப் பார்க்க வந்தவர்கள் நேராக அதன் முன்னால் போய் நின்றார்கள்.

"இன்னா சம்மந்திம்மா, கூனியா?"

கூனி என்றால் கருவாட்டுக் கடையில் விற்கிற பொடி இறால் என்று உனக்குத் தெரியும். இல்லை என்று சொல்லியிருக்கலாம். பல்லிக்கான தீனி என்று சொல்லியிருக்கலாம். நான், "ஆமாங்க" என்றேன்.

"எந்தப் பக்கத்துக் கூனி? எங்கூரு சந்தையில இம்மாம் பெருசு வராதே."

"மரக்காணத்துப் பக்கங்க."

"கொஞ்சம் குடுங்களேன், கத்திரிக்காயில போட்டுப் பாக்கறேன்."

சம்பந்தி வாயைத் திறந்து கேட்ட முதல் பொருள். இல்லையென்று எப்படிச் சொல்வது? என் கை தானாகப் போய் ஒரு பழைய செய்தித்தாளைக் கிழித்தது, இரண்டு பிடி அள்ளிப் போட்டது, மடித்தது, கொடுத்தது. அவர்கள் அதைப் பையில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாக காரில் ஏறினார்கள். கார் திரும்பிய பிறகுதான் எனக்குக் குரல் வந்தது. உன் அப்பாவிடம் சொன்னதும் அவர் மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "அடிப்பாவி, சம்மந்திக்குப் பூச்சிய மூட்ட கட்டிக் குடுத்துட்டியா?" என்றார். மூன்று நாள் இந்த வீட்டில் கத்தரிக்காய் சமைக்கவில்லை.

நேற்று போன் வந்தது. உன் அப்பா அரவையில் இருந்தார்.

"சம்மந்திம்மா, அந்தக் கூனி குடுத்தீங்களே..."

"நல்லா இருந்துச்சுங்களா?" என்று என் வாய் கேட்டது. அதை நான் கேட்கவில்லை, வாய்தான் கேட்டது.

"நான் இன்னா கண்ணு தெரியாதவளா? வூட்டுக்கு வந்து பொட்டலத்தப் பிரிச்சதுமே பாத்துட்டேன். கூனிக்கு ஏது றெக்கை? கோழிக்குப் போட்டேன். அதுங்க ஒண்ண ஒண்ணு முட்டித் தள்ளிக்கினு தின்னுதுங்க. அது வேற விஷயம்." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பையனுக்கு இழுப்பு கிழுப்பு எதனா இருக்குதுங்களா? எங்க பெரியப்பா ஒருத்தரு இழுப்புக்குன்னு பூச்சிய வறுத்துப் பொடி பண்ணி, தேன்ல கொழைச்சித் தின்னுக்கினு இருந்தாரு. மறைக்காத சொல்லுங்க" என்றார்கள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க."

"நோவுன்னா நோவுன்னு சொல்லுங்க. பேசி முடிவு பண்ணலாம். அன்னிக்கி வெறும் மிஷினு ஓட்டுனீங்க. கூனின்னீங்க. நோவு எனக்கு பயமில்ல சம்மந்திம்மா. பொய்யிதான் பயமாக் கீது. எம்பொண்ண அனுப்பற எடமாச்சே. திங்கக்கெழமைக்குள்ள ஒரு வார்த்த சொல்லிடுங்க. அப்பறமா பத்திரிகை அடிக்கக் குடுக்கலாம்."

"குக்கர் விசில் அடிக்குதுங்க, அப்பறம் பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை.

அப்புறம் ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன். அவர்கள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. நம்மிடம் இருந்த உண்மை, ஒரு பல்லியும் கொஞ்சம் பூச்சியும். சொல்லியிருந்தால் முகம் சுளித்திருப்பார்கள், இல்லாவிட்டால் சிரித்திருப்பார்கள். மறைத்ததால் அது வியாதியாக வளர்ந்து நிற்கிறது.

"எல்லாம் உன்னால்தான், பக்குவமாகச் சொல்கிறேன் என்றாயே" என்று உன்னைத் திட்டலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் உன்னைத் திட்ட எனக்குத் தகுதி இல்லை. காரணத்தை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கூட்டுப்புழுவைப் பற்றி நான் போனில் பார்க்கவில்லை, தம்பி. படித்தேன். மண்டகப்பட்டுப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து மூன்று வருஷம் தினமும் பஸ் பிடித்து விழுப்புரம் போய், விலங்கியல் பி.எஸ்சி. படித்து முடித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்க மாட்டேன். ஆனால் கரப்பான்பூச்சியை மெழுகுத் தட்டில் கிடத்தி, அதன் உமிழ்நீர்ச் சுரப்பியை அறுபடாமல் தண்ணீரில் மிதக்கவிட்டு எடுப்பதில் வகுப்பிலேயே நான்தான் முதல். உன் பெட்டியில் சிள்வண்டுகள் முதல் தடவை குஞ்சு பொரித்து, கடுகுக்குக் கால் முளைத்த மாதிரி ஓடியபோது, நீ போனில் "எப்படிம்மா இவ்ளோ கரெக்டா பண்ண?" என்று கேட்டாய். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க ரொம்பச் சிரமமாக இருந்தது.

ஏன் மறைக்க வேண்டும்? நான் படித்து முடித்த வருஷம் இரண்டு மாப்பிள்ளை வீடு, பெண் படித்தவள் என்று பின்வாங்கியது. மூன்றாவதாக உன் அப்பா வீடு வந்தது. அவர் பத்தாவது பெயில். "பொண்ணு ஒரு படி ஒசந்து நின்னா மாப்ள அண்ணாந்துதான் பாக்கணும். எவனுக்குக் கழுத்து வலிக்க ஆசை?" என்று சொல்லிவிட்டு, என் அப்பா தரகரிடம் பன்னிரண்டாவது என்றார். பஸ்ஸில் தினமும் போனாளே என்று கேட்டவர்களுக்கு டைப்ரைட்டிங் கிளாஸ் என்றார். என் கல்யாணப் பத்திரிகையில் மாமன் மகன்கள் பெயருக்கெல்லாம் பின்னால் பட்டத்தின் எழுத்துகள் இருந்தன. என் பெயர் மட்டும் மொட்டையாக இருந்தது.

உன் அப்பா கெட்டவர் இல்லை. சொல்லியிருந்தால் கோபப்பட்டிருக்க மாட்டார் என்று கல்யாணமான இரண்டாவது வருஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போயிருந்தது. அடுத்த வருஷம் அந்தக் கேள்வி இன்னும் பெரிதானது. பொய் அப்படித்தான். சொன்ன அன்றைக்கு அதைத் தூக்கிப் போட்டுவிடலாம். தள்ளித் தள்ளிப் போட்டால், அதை அசைக்க ஆள் பலம் வேண்டும்.

இதில் உன்னை நான் அடிபட வைத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். நீ இன்ஜினியரிங் சேர்ந்தபோது முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு ஒரு விண்ணப்பம் வாங்கி வந்தாய். வீட்டில் இதற்கு முன் யாரும் பட்டம் பெறவில்லை என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அரசாங்கத் தாளில் அந்தப் பொய்யை எழுதவும் எனக்குத் தைரியமில்லை, உண்மையைச் சொல்லவும் தைரியமில்லை. விண்ணப்பத்தை அரிசி டிரம்முக்குள் போட்டுவிட்டேன். கடைசித் தேதி போன பிறகு கண்டுபிடிப்பது போல எடுத்துக் கொடுத்தேன். உன் அப்பா உன்னைத்தான் திட்டினார், பொறுப்பில்லாதவன், ஒரு காகிதத்தைப் பத்திரமாக வைக்கத் தெரியாதவன் என்று. அந்த வருஷம் முழுக்கத் திட்டினார். நீ அங்கே வைக்கவில்லை என்று உனக்குத் தெரியும். ஆனாலும் ஒருவேளை வைத்திருப்போமோ என்று நீ குழம்பினாய். அதை நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னித்துக்கொள். அந்தச் சான்றிதழ் உனக்குக் கிடைத்திருக்கக் கூடாது. இந்த வீட்டின் முதல் பட்டதாரி நீ இல்லை, நான்.

அதனால் இன்றைக்கே திவ்யாவிடம் பேசு. முதலில் அவளுக்குச் சொல், அவள் அம்மாவுக்கு அவள் சொல்லட்டும். நானே சம்பந்தியிடம் சொல்லலாம்தான். ஆனால் கூனி என்று சொன்ன வாய் இது, இனி எதைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். பக்குவமாகச் சொல்கிறேன் என்று சுற்றி வளைக்காதே. "சும்மா ரெண்டு பூச்சி" என்று குறைத்தும் சொல்லாதே. ஒரு பல்லி, ஐந்நூறு சிள்வண்டு, நாலு டப்பா புழு, அதில் இரண்டு ஃபிரிட்ஜில் என்று எண்ணிச் சொல். ஆண்கள் சாயங்காலம் ஆனால் கத்தும் என்று சொல். பிஸ்கட் பதினைந்து வருஷம்கூட உயிரோடு இருக்கும் என்று சொல். அவளுக்கு அதுதான் முக்கியமாக இருக்கும். வீடியோவில் காட்ட வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடு, பெட்டியைத் திறந்து காட்டுகிறேன். மின்விசிறி ஓடியதையும், குக்கர் இல்லாமலே விசில் அடித்ததையும் சேர்த்துச் சொல். என்னைக் காப்பாற்ற எதையும் விடாதே.

அவள் சிரிக்கலாம். பூச்சி ஆகாது, பல்லி திண்டிவனத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லலாம். அதற்குச் சம்மதி. உன் அப்பா எப்படியும் பிஸ்கட்டை ஓசூருக்கு அனுப்பப் போவதில்லை, அவர் இப்போது அதனிடம்தான் அரசியல் பேசுகிறார். கல்யாணமே வேண்டாம் என்றும் அவள் சொல்லலாம். அப்படிச் சொன்னால் எனக்கு அழுகை வரும். அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது, அவள் அம்மாவை அதைவிடப் பிடித்துவிட்டது. ஆனால் தெரிந்துகொண்டு வேண்டாம் என்று சொல்வது அவள் உரிமை. தெரியாமல் வந்து ஃபிரிட்ஜைத் திறக்கும்படி அவளை விடக் கூடாது. சம்பந்தி கேட்டால், கோழிக்குத் தீனி மாதாமாதம் நம் வீட்டிலிருந்து வரும் என்று சொல். மிஞ்சுவதைக் காய வைத்து நானே கட்டிக் கொடுக்கிறேன். இந்த முறை பொட்டலத்தின் மேல் பெயர் எழுதி.

இன்னும் ஒன்றுதான். இதை எழுதலாமா வேண்டாமா என்று இவ்வளவு நேரம் தள்ளிக்கொண்டே வந்தேன். திவ்யா சரியென்று சொல்லி, பத்திரிகை அச்சுக்குப் போவதாக இருந்தால், அச்சகத்திலிருந்து மாதிரிப் படி முதலில் உனக்குத்தானே வரும்? அதில் உன் பெயருக்கு மேல் உன் அப்பா பெயரும் என் பெயரும் இருக்கும். என் பெயருக்குப் பக்கத்தில் பி.எஸ்சி., என்று சேர்க்கச் சொல்கிறாயா? பிறகு நீயே நேரில் எடுத்துக்கொண்டு வா. உன் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டிப் படிப்பார். அந்த இடத்துக்கு வந்ததும் தலையைத் தூக்கி என்னைப் பார்ப்பார். அப்போது நீ என் பக்கத்தில் உட்கார்ந்திரு. எழுத்து சின்னதாக இருந்தால் போதும்.

உன் அம்மா